சுருதி விலகினாலும் மேடை விலகவில்லை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சுருதி மாதா, லயம் பிதா என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட உங்கள் முன், சுருதியில் நிற்காத ஒரு பாடகியைப் புகழ்ந்து பேச வந்திருக்கிறேன்.

பெயர் கெர்ட்ரூட் லாரன்ஸ். 1898-இல் லண்டனில் பிறந்தவர். வறுமை அவரைச் சிறு வயதிலேயே மேடைக்கு அனுப்பியது. 1913-இல் ஒரு நாடகத்தில் உடன் நடித்த சிறுவன் நோயல் கவர்ட் பிற்காலத்தில் பெரிய நாடகாசிரியராகி, இவருக்காகவே பாத்திரங்களை எழுதினார். 1924-இல் லண்டன் குழு ஒன்றுடன் நியூயார்க் மேடையில் தோன்றினார். அந்த நகரம் அவரைத் தன்னுடையவராகவே ஆக்கிக்கொண்டது.

அவருடைய பழைய இசைத்தட்டைக் கேட்டு நானும் முதலில் முகம் சுளித்தேன். குரல் மெல்லியது, எட்டும் சுரங்கள் குறைவு, இருக்கும் சுரமும் நழுவுகிறது. ஆனால் கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், கர்ட் வைல், ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் என்று அந்தக் காலத்தின் தலைசிறந்த இசையமைப்பாளர்கள் இவரை மனத்தில் வைத்து மெட்டமைத்தார்கள். காது கூர்மையான அந்த மேதைகளுக்கா அவருடைய குறை தெரியாமல் போயிருக்கும்?

1926-இல் 'ஓ, கே!' என்ற இசை நாடகம். அகன்ற மேடையில் அவர் மட்டும் தனியாக நிற்கிறார். கையில் ஒரு துணிப் பொம்மை. கெர்ஷ்வினே கடையில் வாங்கிக் கொடுத்தது. என்னைக் காக்க ஒருவர் எங்கேனும் இருக்க மாட்டாரா என்று அந்தப் பொம்மையைப் பார்த்துப் பாடுகிறார். கதையில் அவள் துணையற்ற பெண். துணையற்றவள் தனக்குத்தானே பாடும்போது குரல் தடுமாறத்தானே செய்யும்? அங்கே பாட்டு கச்சேரி உருப்படி அல்ல, ஒரு பெண்ணின் பேச்சு. இசைத்தட்டு அந்தத் தடுமாற்றத்தை மட்டும் பிடித்து வைத்தது. அந்தக் கண்களையும் கைகளையும் விட்டுவிட்டது. மேடைக் கலைஞர்களுக்கு நேரும் இந்த அநியாயம் எனக்கு ஆறவே இல்லை.

அவர் கடைசியாக நடித்தது 'தி கிங் அண்ட் ஐ' என்ற இசை நாடகம். சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின், அரசவைக்கு ஆசிரியையாகச் சென்ற ஆங்கிலப் பெண்ணின் கதை. அதை மேடையேற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களில் இவரும் ஒருவர். அவருடைய குரலின் எல்லையை அறிந்த ராட்ஜர்ஸ், மெட்டுகளைக் குறுகிய சுரங்களுக்குள் அடக்கி அமைத்தார். 1951 மார்ச் 29 அன்று நாடகம் அரங்கேறியபோது அவருக்கு வயது 52. அடுத்த ஆண்டு அமெரிக்க நாடக உலகின் உயரிய டோனி விருது பெற்றார். அதே காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடிப்பும் கற்பித்தார். உடலுக்குள் புற்றுநோய் இருந்தது அப்போது யாருக்கும் தெரியாது. பாரமான அகலப் பாவாடைகளைச் சுமந்து, மேடையைச் சுற்றிச் சுற்றி ஆடினார்.

1952 ஆகஸ்டில் ஒரு காட்சிக்குப் பின் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் படுத்தபடி அவர் கேட்டது தனக்காக அல்ல. அரசனாக நடித்த இளைஞர் யூல் பிரின்னரின் பெயரையும் அரங்க வாசலின் விளக்கு எழுத்துகளில் போட வேண்டும் என்றார். செப்டம்பர் 6 அன்று உயிர் பிரிந்தது. நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயின் அரங்குகள் தங்கள் விளக்குகளை மங்கவைத்தன.

அரசனோடு சுழன்று ஆடும் காட்சியில் அணிந்த அந்த நடன உடையிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.