கடன் வாங்காத கழித்தல்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். இந்நேரம் உங்களில் பாதிப் பேர் அடுப்படியில் நிற்பீர்கள். புளி கரைத்துக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள், கொட்டையைக் குப்பையில் போடாதீர்கள். கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் 31 வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான் என் தலையில் கட்டுவார்கள். "சின்னப் பிள்ளைகதானே டீச்சர், ஒண்ணு ரெண்டு சொல்லிக் குடுத்தாப் போதும்" என்பார்கள். அந்த ஒண்ணு ரெண்டைச் சொல்லிக் கொடுப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

ஒருநாள் கழித்தல் கணக்கு நடத்துகிறேன். 52இல் 18 போக எத்தனை? இரண்டில் எட்டு போகாது, அதனால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கு. நம் எல்லோருக்கும் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்கள்? நானும் அதையே சொன்னேன். கடைசிப் பலகையில் இருந்த பையன் எழுந்து நின்று கேட்டான்: "டீச்சர், வாங்குன கடனை எப்பத் திருப்பிக் குடுக்கணும்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, உட்காருடா என்றேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. கடன் என்றால் என்ன என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தவன். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, நான் சொன்ன வார்த்தைதான் தப்பு. கழித்தலில் யாரும் யாரிடமும் கடன் வாங்குவதில்லை. நம் சொந்தப் பணத்தைச் சில்லறை மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு புது விளக்குமாற்றோடு பள்ளிக்கூடம் போனேன். தென்னை ஈர்க்கு விளக்குமாறு. பிள்ளைகள் கொஞ்சம் மிரண்டுதான் போனார்கள். ஈர்க்குச்சிகளை உருவி விரல் நீளத்துக்கு ஒடித்துக் குவித்தேன். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடச் சொன்னேன். இப்போது 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. நேயர்களே, கையில் குச்சி இல்லாவிட்டாலும் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இதிலிருந்து 18 எடுக்க வேண்டும். எட்டு உதிரி கொடு என்றால் இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்ய? அந்தப் பையனே ஒரு கட்டை எடுத்தான், ரப்பர் பேண்டை உருவினான், "இந்தா பன்னெண்டு" என்றான். பன்னிரண்டில் எட்டு போக நாலு. மிச்சம் இருந்த நாலு கட்டில் ஒன்று போக மூன்று. முப்பத்து நாலு. கடனும் இல்லை, வட்டியும் இல்லை.

இதில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டைப் பிள்ளைதான் கட்ட வேண்டும், பிள்ளைதான் அவிழ்க்க வேண்டும். நாம் அழகாகக் கட்டிக் கொடுத்தால் அது வெறும் விளக்குமாறு. எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் டி.எல்.எம். என்பார்கள், கற்பித்தல் துணைக்கருவி. பார்வைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தெர்மாகோலை வெட்டி, ஜிகினா ஒட்டி, மறுநாள் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். தொட்டால் உடைந்துவிடும் என்று பிள்ளையைத் தொட விடமாட்டோம். நானும் செய்திருக்கிறேன், ஒளிப்பானேன்.

சின்னப் பிள்ளைகள் பொருள்களைக் கையால் தொட்டுக் கற்க ஒரு முறையை வகுத்த இத்தாலிக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர். போர்க்காலத்தில் நம் கொடைக்கானலில்கூடச் சில காலம் தங்கியிருந்தார். அவருடைய முறையில் பத்து மணியை ஒரு கம்பியில் கோர்த்து வைப்பார்கள். அப்படிப் பத்துக் கம்பி சேர்ந்தால் நூறு, ஒரு சதுரம். பத்துச் சதுரத்தை அடுக்கினால் ஆயிரம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கம்பியை அவிழ்க்க முடியாது, ஒரு கம்பியைக் கொடுத்துப் பத்து மணியை மாற்றிக்கொள்ள வேண்டும். என் விளக்குமாற்றுக் கட்டை அவிழ்க்கலாம். அந்த ஒன்றில் மட்டும் நம் ஊர்ச் சரக்குதான் ஒசத்தி என்பேன்.

சரி, இன்னொரு பிள்ளை. நூற்று இருபத்தைந்து எழுது என்றால் 10025 என்று எழுதுவாள். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். நூறு எழுதி, பக்கத்தில் இருபத்தைந்து. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறாள், பாவம். அவள் அம்மா மல்லிகைப் பூக் கட்டுகிறவர். எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு கண்ணிக்கு நாலு பூ. நாலாம் வாய்பாட்டை இங்கேயே பிடித்துவிடலாம், நூறுக்கும் போய்விடலாம் என்று பெரிய கனவோடு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கையை நிறுத்தாமலே சொன்னார்: "எண்ணிக்கிட்டே கட்டினா பூ வாடிரும் டீச்சர். கை பாட்டுக்குப் போகும்." அவர் சொன்னது சரி. வேலை செய்கிற இடத்தில் போய் வாய்பாட்டைத் தேடினால் வேலையும் கெடும், வாய்பாடும் வராது.

கடைசியில் கைகொடுத்தது பழைய கல்யாணப் பத்திரிகைகள். மதுரையில் அதற்கா பஞ்சம்? ஒரு முகூர்த்த மாதம் போனால் ஒரு பை சேரும். நல்ல கெட்டி அட்டை. நூறு எழுத மூன்று விரல் அகலத் துண்டு, இருபதுக்கு இரண்டு விரல், ஐந்துக்கு ஒரு விரல். விரலுக்கு ஓர் இலக்கம். இருபதை நூறின்மேல் வையுங்கள், ஐந்தை அதன்மேல் வையுங்கள், வலது ஓரம் மூன்றுக்கும் ஒட்டி நிற்க வேண்டும். மேலே தெரிவது 125. அந்தப் பிள்ளை அட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "பூஜ்யம் அடியில ஒளிஞ்சிருக்கு டீச்சர்" என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, தூக்கிப் பார்த்தாள், தெரிந்தது. ஒரு வாரம் அட்டையோடு திரிந்தாள். பிறகு அட்டையை மறந்துவிட்டாள், 10025ஐயும் மறந்துவிட்டாள்.

இப்போது புளியங்கொட்டை. பத்துக் கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் உரசினால் வெள்ளை தெரியும். நாம் தாயம் விளையாட உரசியது போலத்தான். உரசியதும் சூடாக இருக்கும், பக்கத்தில் இருக்கிறவள் கையில் வைத்தால் அலறுவாள், நீங்களும் செய்திருப்பீர்கள். அந்தப் பத்தையும் குலுக்கிப் போடுங்கள். வெள்ளை ஆறு விழுந்தால், மீதியைக் கொட்டாங்குச்சியால் மூடிவிட்டு, உள்ளே எத்தனை என்று கேளுங்கள். ஆறும் நாலும், ஏழும் மூன்றும், பத்து நிமிட விளையாட்டில் எல்லாம் வந்துவிடும். எழுதிப் பார்க்கக்கூட வேண்டாம். ஒரே எச்சரிக்கை, சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் கூடவே உட்காருங்கள். மூக்குக்குள் போட்டுக்கொள்ளும். எங்கள் பள்ளியிலேயே ஒருவன் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

பின்னத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும் என்று குறிப்பு எடுத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். பாதிப் பின்னம் இன்னொரு நாளைக்கு. இன்றைக்கு இது மட்டும். நாளிதழில் நீளமாக ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு மடிப்பு, அரை. இரண்டாவது மடிப்பு, கால். மூன்றாவது, அரைக்கால். நாலாவது, மாகாணி. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரிந்திருக்கும், அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். மடிப்பைப் பிரித்தால் பதினாறு கட்டம் இருக்கும். அரையும் அரைக்காலும் சேர்ந்தால் எத்தனை கட்டம் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை எண்ணி முடிக்கிற வரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. வணக்கம்.