மாஸ்ட், பூமுக்கு எந்த ரிவெட்? அலுமினியமா, ஸ்டெயின்லெஸ்ஸா, மோனலா

வணக்கம். இந்த பூமைப் பாருங்க, பாயோட அடிப்பக்கத்தை விரிச்சுப் பிடிக்கிற அலுமினியக் குழாய் இது. முனையில இருக்கிற கூஸ்நெக் தகடு, அதாவது பூமை மாஸ்ட்டோட (நிமிர்ந்து நிக்கிற பாய்மரத்தோட) இணைக்கிற மூட்டு, ஸ்டெயின்லெஸ். அதைப் பிடிச்சிருந்த நாலு ரிவெட்டும் அலுமினியம், அதுல ரெண்டுக்குத் தலையே இல்ல. ஓட்டையைச் சுத்தி வெள்ளைப் பொடி. சின்னப் பாய்மரப் படகுகள்ல இதை அடிக்கடி பார்க்கலாம்.

உப்புத் தண்ணியில இந்த ரெண்டு உலோகமும் தொட்டுக்கிட்டு இருந்தா கரையிறது அலுமினியம்தான். ஆனா எவ்வளவு வேகமா கரையும்ங்கிறதைப் பரப்பளவு தீர்மானிக்குது. பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டுல குட்டி அலுமினிய ரிவெட் இருந்தா, மொத்த அரிப்பும் அந்தக் குட்டி மேல வந்து விழும். அதுவே பெரிய அலுமினியக் குழாய்ல குட்டி ஸ்டெயின்லெஸ் ரிவெட்டா இருந்தா அரிப்பு பரவலாகி மெதுவாயிடும். அதனால ஸ்டெயின்லெஸ் தகட்டை அலுமினிய ரிவெட் போட்டுப் பிடிக்கவே பிடிக்காதீங்க. பூம் முனை மூடி, பிளாஸ்டிக் பாகம், சுமையே வராத இடம், அங்கெல்லாம் அலுமினியம் போதும்.

கூஸ்நெக், வாங் (பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கிற கயிறு) மாட்டுற கொக்கி மாதிரி இழுவை வர்ற இடத்துக்கு மோனல் வாங்குங்க. மோனல்னா நிக்கலும் செம்பும் கலந்த உலோகம். "மோனல் அலுமினியத்தை அரிக்காது"ன்னு சொல்வாங்க, அது சரியில்ல. கடல் தண்ணியில ஸ்டெயின்லெஸ்ஸும் மோனலும் அலுமினியத்துல இருந்து ஏறக்குறைய ஒரே தூரம்தான். மோனல் நல்லதுன்னு சொல்றதுக்குக் காரணம் வேற. அது ஸ்டெயின்லெஸ்ஸை விட மிருது, ரிவெட் கன் நடுக்கம்பியை இழுக்கும்போது நல்லா விரிஞ்சு ஓட்டையை நிறைக்கும். காத்துப் புகாத ஈர இடுக்குல ஸ்டெயின்லெஸ் குழி விழுந்து அரிக்கும், மோனல் அதை இன்னும் கொஞ்சம் நல்லா தாங்கும். மோனல் கிடைக்கலேன்னா 316 ரக ஸ்டெயின்லெஸ் போடலாம், தப்பில்ல.

எதை வாங்கினாலும் நடுக்கம்பி என்னன்னு கேளுங்க. உடம்பு மோனலா இருக்கும், கம்பி சாதா இரும்பா இருக்கும். இழுத்து முடிச்சதும் கம்பியோட தலை உள்ளேயே தங்கி துருப்பிடிக்கும், மாஸ்ட்ல பழுப்புக் கோடு வழியும். கம்பியில காந்தம் வச்சுப் பாருங்க. கப்புனு ஒட்டினா இரும்பு. லேசா இழுத்தா பயப்படாதீங்க, ஸ்டெயின்லெஸ் கம்பியும் கொஞ்சம் இழுக்கும்.

அளவு. சுமை வர்ற இடத்துக்கு 4.8 மில்லி, அதாவது 3/16 இன்ச். ஓட்டை 4.9. 5 மில்லி பிட்டை கையில பிடிச்சு போட்டா ஆட்டத்துல இன்னும் பெருசாகும், ரிவெட் தளரும். நீளத்துக்குக் கணக்கு இருக்கு: தகடு 2 மில்லி, குழாய்ச் சுவர் 2 மில்லி, மொத்தம் 4. அதோட ரிவெட் விட்டத்துல ஒன்றரை மடங்கு, 7.2 சேர்த்தா 11.2. அப்போ 12 மில்லி நீளம் எடுங்க, பாக்கெட்ல போட்டிருக்கிற பிடிப்பு அளவுக்குள்ள 4 மில்லி வருதான்னும் பாருங்க. வளைஞ்ச குழாய் மேல தகடு சரியா உட்காரலேன்னா அந்த இடைவெளியையும் கூட்டணும். இல்லேன்னா பின்பக்கம் குமிழ் உருவாகாது.

பழசை எடுக்க, முதல்ல மெல்லிசான பஞ்ச் வச்சு கம்பியை உள்ளே தட்டுங்க. இதை விட்டுட்டு நேரா ட்ரில் பண்ணினா பிட் கெட்டியான கம்பி மேல வழுக்கி மாஸ்ட்ல ஏறும். அப்புறம் 4.8 பிட்டால தலையை மட்டும் அறுங்க. உள்ளே விழுற துண்டுகளைக் குலுக்கி எடுத்துடுங்க, ஹேலியார்டு (பாயை ஏத்துற கயிறு) உள்ளே ஓடுற மாஸ்ட்ல அது கயிறை அறுத்துடும்.

ரெண்டு உலோகமும் நேரா தொடாம தடுக்கிற பூச்சு இருக்கு, டூராலாக் அல்லது டெஃப்ஜெல், அதுல புது ரிவெட்டை முக்கி மாட்டுங்க. தகட்டுக்குக் கீழேயும் தடவணும். டூராலாக்ல குரோமேட்ங்கிற நச்சுப் பொருள் இருக்கலாம், கையுறை கட்டாயம். 4.8 மோனலை சாதாரண கைப்பிடி ரிவெட் கன் இழுக்காது, பாதியில நின்னுடும். ரெண்டு கையால அமுக்குற நீளக் கைப்பிடி கன் வேணும். தகட்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இழுங்க.

ஓட்டை முட்டை வடிவமா ஆயிருந்தா அதே இடத்துல போடாதீங்க. தகட்டை நகர்த்தி, ரிவெட்டுக்கு ரிவெட் 15 மில்லிக்குக் குறையாம, தகட்டு ஓரத்துல இருந்து 10 மில்லி உள்ளே தள்ளிப் போடுங்க. எல்லாத்தையும் மாஸ்ட்டைச் சுத்தி ஒரே வளையத்துல வரிசையா போட்டா அங்கேயே உடையும். இல்கா (ஒருத்தர் ஓட்டுற சின்னப் பாய்மரப் படகு) மாதிரி தாங்கு கயிறு இல்லாத மாஸ்ட் பின்னாடி வளையும்போது முன்பக்கம் இழுபடும். அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தா விரிசல் அங்கே தொடங்கும். தண்ணி புகாம மூடின மாஸ்ட்டுக்கு அடைப்பு முனை ரிவெட் வாங்குங்க.

ரெண்டு மூணு தடவை ஓட்டிட்டு வந்ததும் ரிவெட் தலையைச் சுத்தித் துணியால துடைச்சுப் பாருங்க. கறுப்பு மை மாதிரி வந்தா அது அழுக்கு இல்ல, ரிவெட் உள்ளே ஆடுது. அதை எடுத்துட்டு ஓட்டையை அளந்து பார்த்து மறுபடி போடணும்.