ஒரு பிறந்தநாளுக்கு எத்தனை பேர்?

வணக்கம் நேயர்களே. கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு கையால் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் பிறந்தநாளைக் கடன் இல்லாமல், தலைவலி இல்லாமல் எப்படிக் கொண்டாடலாம் என்று பேசச் சொல்லி இங்கே அழைத்திருக்கிறார்கள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 20 வருஷத்துக்கும் மேலாக முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். எத்தனை பிறந்தநாள் கேக் வெட்டப் பார்த்திருக்கிறேனோ, அத்தனைக்கும் அப்புறம் மாதக்கணக்கில் கடைக்கடனை அடைத்த தாய்மாரையும் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்தவனுக்கு முதலாவது பிறந்தநாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் பெரிதாகச் செய்யவேண்டும் என்றார்கள், நாங்களும் ஆசைப்பட்டோம். என் சங்கிலியை அடகு வைத்து, டவுனில் ஒரு மண்டபம் எடுத்து, மூன்று அடுக்குக் கேக்குக்குச் சொல்லி, பாட்டுப்பெட்டியும் வாடகைக்குப் பிடித்தோம். சொன்ன நேரத்துக்குக் கேக் வரவில்லை. வந்தபோது மேல் அடுக்கு சரிந்து கிடந்தது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை, பாட்டுப்பெட்டியின் சத்தத்தில் பிள்ளை பயந்துபோய் அழ ஆரம்பித்தவன், கேக் வெட்டும்வரை அழுது, வெட்டும்போது என் தோளிலேயே தூங்கிப்போனான். படங்களில் எல்லாரும் சிரிக்கிறோம், அவன் முகம் மட்டும் என் கழுத்துக்குள் புதைந்திருக்கிறது. சங்கிலியை மீட்க 14 மாதம் ஆனது. இரண்டாவது பிறந்தநாளைக் கொண்டாட எங்களிடம் மனமும் இல்லை, காசும் இல்லை. அவன் ஓடியாடி, கேக் என்றால் என்ன என்று தெரிந்து ஆசையாகக் கேட்ட வயது அதுதான்.

ஆனால் நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது அது இல்லை. வேறொரு வருஷம், எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் பெரிய விழா. பலூன் வளைவு, பெரிய கேக், வந்த பிள்ளைகள் கையில் எல்லாம் பளபளவென்று சுற்றிய பரிசுகள். மூன்று காம்பரா தள்ளி இருந்த பிள்ளை வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள் அம்மா. நான் கேக் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். பிள்ளை நல்ல சட்டை போட்டு, தலை சீவி, பவுடர் பூசி, வாசல் திண்ணை, இஸ்தோப்பில் உட்கார்ந்து சத்தம் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. "வெறுங்கையோட எப்படி டீச்சர் அனுப்புறது" என்றாள் அந்தத் தாய், மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று.

நம் லயத்து வாழ்க்கை அப்படித்தானே. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், ஒரே வரிசை, ஒரே கூரை. ஒரு வீட்டில் கறி தாளித்தால் கடைசி வீட்டுக்கு வாசம் போகும். அந்த வரிசையில் ஒரு வீட்டில் நடக்கிற விழா, மற்ற எல்லா வீட்டுக்கும் ஓர் அளவுகோலாகிவிடுகிறது. அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை, "எனக்கும் பலூன் வளைவு வேணும்" என்று கேட்கும், அதன் அப்பா முற்பணத்துக்கு அலைவார். அதனால் எளிமையாகச் செய்கிற வீடு தன் காசை மட்டும் மிச்சப்படுத்தவில்லை, வரிசை முழுவதற்கும் பாரத்தைக் குறைக்கிறது. இதை நான் மனதார நம்புகிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். விழாச் செலவை ரூபாயில் நினைக்காதீர்கள், பேரில் நினையுங்கள். ஒரு பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலை, அதற்கான சம்பளம். நாள் சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாய் ஆனது, அதற்கு எத்தனை வருஷம் கத்தினோம் என்று உங்களுக்குத் தெரியும். 2024இல் 1,350 ஆனது. அந்தக் கணக்கில் சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடித்தால் கையில் வருவது 1,242. நாலு பேர் போட்டால் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது உங்கள் கையில் எவ்வளவு வருகிறதோ அதை வைத்து இதே மாதிரிப் போட்டுப் பாருங்கள். பலூன் வளைவுக்கு ஒருவர் விலை சொன்னால், எத்தனை நாள் குளிரில் அட்டைக்கடியோடு கொழுந்து பறித்த காசு அது என்று ஒரு தடவை மனதில் எண்ணிப் பாருங்கள். என்னைக் கேட்டால் நாலு பேருக்கு மேலே போகாதீர்கள். அதையும் ஒரே மாதத்தில் எடுக்க வேண்டியதில்லை. பிறந்தநாளுக்கு நாலு மாதத்துக்கு முன்பிருந்தே சம்பளத்துக்குச் சம்பளம் ஒரு பேரை ஒரு பால்மா டின்னில் போட்டு வையுங்கள். சீட்டுக் காசையும் தீபாவளி முற்பணத்தையும் இதற்குத் தொடாதீர்கள், அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

அடுத்தது யாரை அழைப்பது. வயதுக்கு ஒரு பிள்ளை என்று கணக்கு வைத்து, ஐந்து வயதென்றால் ஐந்தாறு பிள்ளைகளை மட்டும் கூப்பிடச் சொல்கிறவர்கள் உண்டு. டவுன் வீட்டுக்கு அது சரி. லயத்தில் ஆறு பிள்ளையைக் கூப்பிட்டால் மீதி எட்டுப் பிள்ளை வாசலில் நின்று பார்க்கும், அதைவிடப் பாவம் வேறில்லை. ஒன்றில் வரிசைப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிடுங்கள், இல்லையென்றால் வீட்டோடு, ஆத்தா தாத்தாவோடு முடித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களைத் தனியாக அழைக்க வேண்டாம், அங்கேதான் சாப்பாடு, கறி, கதிரை, அப்புறம் மற்றது என்று செலவு ஏறுகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மாமாருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்தால் போதும்.

ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு மூன்று பிள்ளைகள் வரிசையில் இருந்தால் சேர்த்தே செய்யுங்கள். முன்பள்ளியில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஒரே கேக், மூன்று பிள்ளையும் சேர்ந்து ஒரே கத்தியைப் பிடித்து வெட்டும். எந்தப் பிள்ளையும் எனக்கு மட்டும்தான் என்று அழுததாக எனக்கு நினைவில்லை. தாய்மார்தான் முதலில் கொஞ்சம் யோசித்தார்கள்.

நாள், நேரம். சரியாக அந்தத் திகதியிலேயே செய்ய வேண்டுமென்று இல்லை, அன்றைக்குக் கோயிலில் ஓர் அர்ச்சனை போதும். விழாவைச் சம்பளத்துக்கு அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வையுங்கள், பௌர்ணமிப் போயா விடுமுறையும் நல்லதுதான். நேரம் காலை பத்து மணி. ஏன் என்று சொல்கிறேன். ஒக்டோபர், நவம்பரில் இங்கே பகலுக்குப் பின்னால் வானம் இருண்டு இடி மழை பிடிக்கும். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்கு மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு டிசம்பர், ஜனவரியில்தான் மழைத் தொல்லை அதிகம். எந்தப் பக்கமானாலும் காலை வேளை கொஞ்சம் தெளிவாக இருக்கும், வாசலிலேயே விளையாடலாம். மழை வந்துவிட்டால் ஒதுங்குவதற்கு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவையோ கோயில் மண்டபத்தையோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பத்துக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடித்துவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும், அதற்கு மேலே இழுத்தால் அழுகைதான்.

சாப்பாட்டுக்கு என் தெரிவு கடலை. ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலை வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேலே வரும், 20 பிள்ளைகளுக்குத் தாராளம். ஆனால் நம் மலையில் கடலை வேகவைப்பதில் ஒரு சங்கதி இருக்கிறது. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதிக்கிறதே என்று இறக்கினால் கடலை கல்லு மாதிரி இருக்கும். கொழும்பில் வேகிற நேரத்தை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது. அதனால் முதல் நாள் இரவே ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டு ஊற வையுங்கள், குக்கர் இருந்தால் குக்கரில் வையுங்கள், இல்லாவிட்டால் விறகடுப்பில் விடியலிலேயே ஏற்றிவிடுங்கள். கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், தேங்காய்ச் சொட்டு போட்டுத் தாளித்து, பழைய கொப்பித் தாளில் வேண்டாம், வாழை இலைத் துண்டில் சுருட்டிக் கொடுங்கள். இரண்டு வயது மூன்று வயதுக் குழந்தைகளுக்கு முழுக் கடலை கொடுக்காமல் நன்றாக நசுக்கிக் கொடுங்கள், தொண்டையில் சிக்கும். கச்சானும், அதாவது நிலக்கடலையும், அவர்களுக்கு வேண்டாம். குடிக்கத் தேசிக்காய்த் தண்ணீர், குளிராக இருந்தால் சுடச்சுட மோல்ட்.

கேக் வீட்டிலேயே செய்யலாம். மாஜரின் 250 கிராம், சீனி 250, கோதுமை மா 250, முட்டை ஐந்து, அவ்வளவுதான், ஒரு கிலோ அளவில் வரும், 25 துண்டு போடலாம். பேக்கிங் பவுடரை மட்டும் பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவைவிடக் கால்வாசி குறையுங்கள், இதுவும் உயரத்தின் வேலைதான், குறைக்காவிட்டால் வேகமாகப் பொங்கி நடுவில் குழி விழுந்துவிடும். கேக் சுட வசதியில்லாதவர்கள் கலவையைத் தட்டில் ஊற்றிக்கொண்டு பக்கத்துப் பேக்கரியில் கேட்டுப் பாருங்கள், கூலிக்குச் சுட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே ஐசிங் இல்லாவிட்டால் என்ன, கலர் டொபி நாலு வைத்துப் பெயர் எழுதினால் பிள்ளை குதிக்கும்.

அலங்காரத்துக்கு அம்மாவின் பழைய சேலை ஒன்றைச் சுவரில் கட்டுங்கள், வாசலில் பூத்த டேலியா, செவ்வந்தி, ஒரு பிரிஸ்டல் போர்ட்டில் பிள்ளையே வண்ணம் தீட்டிய பெயர். பலூன் பத்து போதும். வெடித்த பலூன் துண்டை உடனே பொறுக்கிவிடுங்கள், சின்னதுகள் வாயில் போட்டுக்கொள்ளும்.

விளையாட்டுத்தான் விழா. பிள்ளைகள் கேக்கை மறந்துவிடுவார்கள், விளையாட்டை மறக்க மாட்டார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு மைதானத்தில் வைக்கிற விளையாட்டெல்லாம் வாசலுக்கும் சரிவரும். நூலில் பணிஸ் கட்டித் தொங்கவிட்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சாப்பிடச் சொல்லுங்கள். கரித்துண்டால் சுவரில் யானை வரைந்து கண்ணைக் கட்டிவிட்டு கண் வைக்கச் சொல்லுங்கள், ஒரு பிள்ளை வாலில் கொண்டுபோய்க் கண்ணை வைத்தால் சிரிப்புச் சத்தம் மேல் லயத்துக்குக் கேட்கும். தேசிக்காயும் கரண்டியும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. சங்கீதக் கதிரைக்குக் கதிரை தேவையில்லை, கொழுந்துச் சாக்கை விரித்து வையுங்கள். நாலைந்து வயதுப் பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து வெளியேற்றாதீர்கள். சாக்கை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய், மிச்சமிருக்கிற சாக்கில் எல்லாரும் நெருக்கி நிற்க வேண்டும் என்று மாற்றிவிடுங்கள். கடைசிச் சாக்கில் பதினைந்து பிள்ளைகள் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, விழாமல் நிற்கப் பார்த்து, எல்லாரும் ஒன்றாக விழுந்து உருள்வதை ஒரு தடவை பார்த்தீர்கள் என்றால் அப்புறம் வேறு விளையாட்டே வைக்க மாட்டீர்கள்.

கேக்கை விளையாட்டுக்குப் பிறகு வெட்டுங்கள். முதலில் வெட்டினால் பாதிப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடும்.

பரிசு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அழைக்கப் போகும்போதே, "அக்கா, பிள்ளையை மட்டும் அனுப்புங்க, கையில ஒண்ணும் வேணாம்" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வாங்கக் கூடாது, அது முக்கியம். ஒருவரிடம் வாங்கினால் மற்றவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார், அடுத்த தடவை காய்ச்சல் என்று சொல்லிவிடுவார். வெறுங்கையாக வர ஒருவருக்கு மனம் வரவில்லை என்றால், ஆளுக்கொரு பூ கொண்டுவரச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் ஒரே செம்பில் வைத்து மேசையில் வைக்கலாம். நான் அப்படிச் சொன்ன வருஷம், அந்த இஸ்தோப்புப் பிள்ளைதான் முதல் ஆளாக வந்தது, கையில் வேரோடு பிடுங்கிய ஒரு செவ்வந்திச் செடி. மண் ஒழுக ஒழுக என்னிடம் நீட்டியது. அதை வீட்டுப் பின்பக்கக் கோடியில் நட்டோம்.

கடைசியாக அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. எல்லா வேலையையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். யானை வரைவதை அப்பாவிடம் விடுங்கள், தேங்காய் வெட்டப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள், அவர் வீட்டு விழாவுக்கு நீங்கள் போவீர்கள்தானே. பிள்ளை ஓடி வந்து உங்களைக் கையைப் பிடித்து இழுக்கும்போது சாக்கில் ஏறி நிற்க உங்களுக்கு நேரம் இருக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது பிறந்தநாள் என்றால், சனிக்கிழமை இரவு படுக்கப் போகும் முன்னே கடலையை ஊறப்போட மறந்துவிடாதீர்கள். வணக்கம்.