பத்திரத்தில் அந்த ஒரு வரி

வணக்கம் நேயர்களே. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, சர்வீஸில் பாதிக்கு மேல் கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே கழித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் லைசென்ஸ் எடுக்கப் போவீர்களே, அந்த ஆபீஸ் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஆர்.டி.ஓ.வைப் பாருங்கள்' என்று யாரோ சொல்ல, எண்பது வயதுக்காரர் வண்டி ஓட்டிக் காட்டும் மைதானத்தில் போய் நின்றுவிட்டு, வெயிலில் எங்களிடம் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது சப் கலெக்டர் அல்லது வருவாய் கோட்டாட்சியர் அலுவலகம்.

அங்கே என்ன இருக்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. அந்தச் சட்டப்படி நம் மாநிலத்தில் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். அறுபது வயது ஆனவர், பிள்ளைகள் சோறு போடவில்லை, கவனிக்கவில்லை என்றால் அவரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. நடக்க முடியாதவருக்காக வேறொருவரோ ஒரு தொண்டு நிறுவனமோ கூட மனு கொடுக்கலாம். பிள்ளை இல்லாதவர்? அவருடைய சொத்தை அனுபவிக்கிற, அல்லது அவருக்குப் பின் அது யாருக்குப் போகுமோ அந்த உறவுக்காரர்மேல் மனு போடலாம். இது பல பேருக்குத் தெரிவதில்லை.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டார்கள், நீங்களாவது கேளுங்கள். செட்டில்மெண்ட் பத்திரம். அதாவது, உயிரோடு இருக்கும்போதே பணம் வாங்காமல் சொத்தைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது.

ஒரு திங்கட்கிழமை மனுநாளில் ஒரு அம்மா வந்தார். கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனு எங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தது. மஞ்சப்பை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பத்திர நகல். இளைய மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாடி வாடகை மகனுக்கு; அம்மாவுக்குத் திண்ணை. "வீடு வேணாம் சார், ரெண்டு வேளை சோறு போடச் சொல்லுங்க, போதும்" என்கிறார். பத்திரத்தை வாங்கி உரக்கப் படித்தேன். 'தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்', 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ளவும்', 'எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை'... எல்லாம் வழக்கமான வாசகம். அம்மா குறுக்கிட்டுக் கேட்டார்: "இதெல்லாம் நானா சொன்னேன்?"

அப்புறம் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. 'எனது ஆயுட்காலம் வரை உணவு, உடை, மருத்துவம் கொடுத்துப் பராமரிக்க வேண்டியது.' எந்தப் பத்திர எழுத்தர் சேர்த்தாரோ, புண்ணியவான். அப்படி ஒரு வரி இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. சட்டத்தின் 23-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு பராமரிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் மோசடியாய் வாங்கியதாகவே கருதப்படும்; தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். விசாரணைக்கு வந்த மகன், மாதாமாதம் பணம் தருவதாக எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள் தந்தார், நிறுத்தினார். பத்திரம் ரத்தானது. உத்தரவு சார்பதிவாளருக்குப் போய், வில்லங்கச் சான்றிலும் ஏறியது. வீடு அம்மா பேருக்கு வந்த பிறகு சோறு தானாக வந்தது என்று கேள்விப்பட்டேன். அது வேறு கதை.

அந்த வரி இல்லாதவர்கள் கதி? நிபந்தனை இருந்தால்தான் 23-ஆவது பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோரைக் காக்க வந்த சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ளுங்கள் என்றது. அந்த ஆண்டு மார்ச்சில், நாகப்பட்டினம் மாவட்டத்து வழக்கு ஒன்றில் நம் சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் பேரில் எழுதிக் கொடுத்ததிலேயே பராமரிப்பு நிபந்தனை அடங்கியிருக்கிறது என்ற அளவுக்குப் போனது. நல்லதுதான். ஆனாலும் கோர்ட்டுக்குக் கோர்ட் ஏறி இறங்க எழுபது வயதில் யாரால் முடியும்? அதனால் மறுபடி சொல்கிறேன், எழுதிக் கொடுப்பதாக இருந்தால் அந்த ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வையுங்கள். "பிள்ளை மனசு கஷ்டப்படுமே" என்பார்கள். கவனித்துக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அந்த வரியால் என்ன கஷ்டம்?

பிள்ளைகள் தர வேண்டும் என்று தீர்ப்பாயம் சொல்கிற ஜீவனாம்சத் தொகை மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அடிக்கடி போய்க் கேளுங்கள். உத்தரவு திருப்தியில்லை என்றால் அறுபது நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு. மாவட்ட சமூக நல அலுவலர்தான் பராமரிப்பு அலுவலர். உங்கள் சார்பில் அவரே ஆஜராகலாம்.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஏழாவது பிரிவு. பக்கத்து வீட்டில் ஒருவரைப் பூட்டி வைக்கிறார்கள், அடிக்கிறார்கள் என்று தெரிந்தால், யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் சொல்லலாம். அந்த நடுவர் யார்? அதே கோட்டாட்சியர், அல்லது உங்கள் தாசில்தார். போலீஸை வைத்து மீட்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்கு வராது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்குக் காப்பாளர் நியமிக்கக் கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. அதைச் சொல்ல இப்போது நேரமில்லை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

முதியோர் உதவி எண் 14567. ஒன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, கட்டணம் கிடையாது. வணக்கம்.