வாய்க்கால் முடியும் இடம்

(மட்டக்களப்பில் பல்கலைக்கழக மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்திருக்கும் விரிவுரையாளர்களே, வணக்கம். நம் தண்ணீரையும் சுகாதாரத்தையும் சேர்ந்து ஆராய வருகிறவர்கள் எப்படி வர வேண்டும் என்பதைத்தான் பேசப் போகிறேன்.

சுனாமி அடித்து மூன்றாம் கிழமை, கல்லடியில் அம்மாவின் கிணற்றை நானே இறைத்தேன். வாடகைப் பம்பு. சேறும் உப்புமாய்க் கிடந்த தண்ணீர் வற்றியது. விடிந்து பார்த்தால் பழையபடி ஊறியிருந்தது. வாயில் வைத்தேன், கரித்தது. மறுபடி இறைத்தேன். நான்காம் தடவை முதல் நாளைவிடக் கரித்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரணம் எனக்கு அப்புறம்தான் விளங்கியது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நாம் குடியிருப்பது மணல் திட்டு. அதற்குள் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் கிடக்கும் உப்பு மேலே ஏறும். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தக் கரையோரக் கிணறுகளை மாதக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். திரும்பத் திரும்ப இறைக்காதீர்கள், மாரி மழை கழுவட்டும் என்பதுதான் அவர்கள் கண்டது. ஒரே நாளில் வந்து போகிறவர்களுக்கு அது பிடிபட்டிருக்காது.

அப்படி வந்து போனவர்களும் இருந்தார்கள். பெயர் வேண்டாம். கிணற்றுக் கட்டில் சிவப்பு மையால் 17 என்று எழுதினார்கள், ஒரு போத்தல் தண்ணீர் எடுத்தார்கள். "தம்பி, இதைக் குடிக்கலாமா?" என்று அம்மா கேட்டார். "முடிவு வந்ததும் சொல்றம் அம்மா" என்றார் கூட வந்த பையன். அந்த 17 மழையில் அழிந்தது. முடிவு வரவேயில்லை.

அம்பாறையில் நடந்த இன்னொரு கதையையும் கேளுங்கள். 1981இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரைக்கு இளம் பட்டதாரிகளை அனுப்பின. வேலை, விவசாயிகளோடு குடியிருப்பது. அந்தச் சிறுபோகத்தில் அத்திட்டத்தின் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. வாய்க்காலின் தலைப்பக்கம் பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள், கடைசியில் தமிழ் பேசும் குடும்பங்களும் இருந்தன. அந்தப் பிள்ளைகள் வரப்பு வரப்பாக நடந்து பேசினார்கள். சில கிழமைக்குள் விவசாயிகள் தாங்களே வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்த தண்ணீரைக் கடைசி வயலுக்கு விட்டார்கள். பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆராய எழுதும் எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் எனக்கு முதலில் நினைவு வருவது இதுதான். கொங்கிரீட்டுக்கு முன் மனிதர்கள் வந்தார்கள், வந்தவர்கள் தங்கினார்கள்.

சரி, சுகாதாரத்துக்கு வருகிறேன். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சல், பெரும்பாலும் நம் வயலில் இறங்குகிறவனைத்தான் பிடிக்கிறது. அதைத் தடுக்க டொக்சிசைக்கிளின் மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் கொடுக்கிறது. எந்த வயல் கண்டத்துக்கு எப்போது தண்ணீர் வரும் என்பது வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானைக்குத் தெரியும். வயலில் இறங்கும் முன் மாத்திரை கைக்கு வர வேண்டுமானால், இந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். விவசாய பீடமும் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடமும் ஒரே கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கின்றன. வெளிநாட்டுக் கூட்டாளியைத் தேடும் முன், பக்கத்துப் பீடத்துக் கதவைத் தட்டுங்கள்.

வந்திருக்கும் விருந்தினர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமல்ல. ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள். மாதிரி எடுத்த வீட்டுக்கு முடிவு தமிழில் போய்ச் சேர வேண்டும். அளக்கும் கருவியும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆளும், திட்டம் முடிந்த பிறகும் இங்கேயே இருக்க வேண்டும்.

பிள்ளைகளே, நாளை காலை நீங்கள் கிணறுகளுக்குப் போகிறீர்கள். போத்தலில் ஒட்டும் துண்டில் கிணற்று இலக்கத்தோடு வீட்டுக்காரருடைய தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.