கோபுர விளக்கு எரியட்டும்

ஊராட்சித் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, தறி ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே, இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் சும்மா உட்காரத் தெரியாத கண்ணுகளே, வணக்கம். பந்தும் வலையும் வாங்கித் தந்த அண்ணன் தன் பேரைச் சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறார். சொல்லவில்லை. மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார்.

விளையாடும் உரிமை, பயிற்சியாளர், நம் மைதானத்துக்கு உயரக் கம்பத்தில் கோபுர விளக்கு என்று மூன்று விஷயம் பேச வந்தேன். உரிமை ஏட்டிலேயே இருக்கிறது. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாட்டு எல்லாக் குழந்தைக்கும் உரிமை என்கிறது. 1992-இல் இந்தியாவும் சேர்ந்துகொண்டது. பவானிசாகர், அறச்சலூர் முகாம்களில் பிறந்த பிள்ளைக்கும் அது உண்டு. சரி.

ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும். எந்த மேடையிலும் நான் சொல்லுகிற பழமொழிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். முகாம்ப் பையன் ஒருவன் மைதானத்துக்கு வருவான், ஆட மாட்டான். கூப்பிட்டால் வேலியோரம் போய் நின்றுகொள்வான். ஆனால் புள்ளிக் கணக்கு மட்டும் தப்பாமல் சொல்லுவான். பி.டி. மாஸ்டர் பார்த்தார், விசிலை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டார். பொங்கல் வாலிபால் போட்டி. கடைசி செட், 14-க்கு 14. ஊர்ப் பெரியவர் ஒருவருடைய மச்சினன் எகிறி அடிக்கிறார். பையன் விசில் ஊதுகிறான். நெட் டச்! வலையில் கை பட்டுவிட்டதாம். "எவன்டா அவன்?" என்று கூட்டம் எழுந்துவிட்டது. பையன் அசையவில்லை. பெரியவரே உள்ளே வந்தார். "மாப்ள, கை பட்டுதா இல்லையா?" மச்சினன் தலையைச் சொறிந்தார். "லேசாப் பட்டுது மாமா." அவ்வளவுதான், கைதட்டல் ஓயவில்லை. அடுத்த வாரம் அந்தப் பையன் சர்வீஸ் போட்டான். பாடுற மாடு அது, ஐயா!

ஆனால் அன்றைக்குச் சண்டை வந்ததே இருட்டால்தான். வெளிச்சம் இருந்திருந்தால் கை பட்டதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பையன்களாவது இருட்டிலும் ஆடுவார்கள். பொம்பளைப் பிள்ளைகளைப் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். பள்ளி விட்டு வந்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு அவர்கள் எப்போது ஆடுவது?

2016 ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணி முதன்முதலாக இறங்கியபோது 10 பேர். 2024 பாரிஸில் 37 பேர். கேமரூனில் பிறந்த சிண்டி ங்கம்பா என்ற பெண், குத்துச்சண்டையில் அந்த அணிக்கு முதல் பதக்கம் வாங்கினார். இருட்டில் குத்தியா வாங்கினார்?

பயிற்சியாளர் விஷயம் அப்புறம் பேசலாம், தலைவர் கடிகாரம் பார்க்கிறார். அக்டோபர் 2 கிராமசபையில் கோபுர விளக்குக்குத் தீர்மானம் போட வேண்டும். ஊருக்கும் முகாமுக்கும் நடுவில் இருக்கிற மைதானம், ரெண்டு பக்கத்துக்கும் பொது. மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.