கைப்பேசியும் திருமணிமுத்தாறும்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, மாநகராட்சிப் பணிகளுக்கிடையே வந்து அமர்ந்திருக்கும் அம்மையார் அவர்களே, நம் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைப் பெரியவர்களே, மழையில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் காபித் தோட்ட அன்பர்களே, எனக்கு முன் பேசி என் உரையில் பாதியை எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. மண்வெட்டி கொடுத்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தொண்டு நிறுவனங்கள் சமூக ஊடகங்களைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவது எப்படி என்பது தலைப்பு. மூன்று செய்திகள் சொல்வேன்: யாரிடம் பேசுகிறோம், என்ன கேட்கிறோம், வந்த பணத்துக்கு எப்படிக் கணக்குக் காட்டுகிறோம்.

முதலாவது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். கல்லூரிப் பிள்ளைக்கு இன்ஸ்டாகிராமில் அரை நிமிடக் காணொளி போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர் முகநூலில் நீளமாகவே படிப்பார். வீதிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். நாமோ ஒரே சுவரொட்டியை எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டு, ஊர் திரளவில்லை என்று குறைப்படுகிறோம்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி. ஆற்றுக் கால்வாயைச் சுத்தம் செய்ய ஆள் திரட்டும் பொறுப்பு அவனுடையது. ட்ரோன் வைத்துப் படம் எடுத்தான், பின்னணியில் வயலின் சேர்த்தான். துபாயிலிருந்து இதயம் வந்தது, சிங்கப்பூரிலிருந்து கைதட்டல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க்கு வந்தவர்கள் நாங்களும் ஒரு நாயும்தான். அந்த வீதியில் பூக்கட்டும் அம்மாள் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆடித் திருவிழாவுக்கென்று அந்த வீதியில் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அன்றிரவு அதில் குரல் பதிவு போட்டார்: “மதகை அடைத்துக்கொண்டு கிடக்கிற கவர் எல்லாம் நம் வீட்டுக் கவர்தான். எந்தக் கடைக் கவர், யார் வீட்டுக் கவர் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருகிறவர்களுக்குக் கம்மங்கூழ். வராதவர்கள் பெயரைக் கோவில் மைக்கில் வாசிப்பேன்.” அவ்வளவுதான்! வீதியே வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் இருவர் விருந்துக்கு வந்த இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்கள். கூழ் தீர்ந்து, பக்கத்து டீக்கடையில் கடன் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அம்மாளுக்குப் பாடிக் கறக்கத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, கேட்பது. 2014-இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்களே, நினைவிருக்கிறதா? ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக அமெரிக்கச் சங்கத்துக்கு ஏறத்தாழ 11.5 கோடி டாலர் சேர்ந்தது. தண்ணீர் ஊற்று, பணம் கொடு, அடுத்தவரை அழை, கேட்டது அவ்வளவுதான். “ஆதரவு தாருங்கள்” என்று நாம் எழுதுகிறோமே, எதற்கு, எவ்வளவு, என்றைக்குள்? இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உருக்கத்துக்காகக் காப்பகக் குழந்தைகளின் முகத்தைப் போடாதீர்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அழகல்ல.

நான் கேட்பதைத் தெளிவாகவே கேட்கிறேன். சேர்வராயன் மலையில் பிறந்து, நம் ஊரின் நடுவே ஓடிக் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றை நாம் சாக்கடை என்றே கூப்பிடப் பழகிவிட்டோம். மலையில் வீசும் தண்ணீர் பாட்டில் மழையோடு இறங்கி நம் மதகில்தான் நிற்கிறது. 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தமிழ்நாட்டில் தடை. மதகுக்கு அது தெரியவில்லை. ஏற்காட்டு அன்பர்களே, உங்கள் விடுதிப் பக்கங்களில் பனிமூட்டம் போடுகிறீர்கள். மாதம் ஒருமுறை ஓடையையும் போடுங்கள். தம்பிமார்களே, வாரம் ஒரு நாள் அதே பாலத்தில், அதே இடத்தில் நின்று படம் எடுத்துத் தேதியோடு போடுங்கள். வார்த்தையே வேண்டாம். அதிகாரிகளிடம் மனுவாகப் பேச வேண்டும், வீதியிடம் கூழோடு பேச வேண்டும். ஆடிக் கறக்கிற மாடு, பாடிக் கறக்கிற மாடு, அதே கதைதான்.

தலைவர் மணியடித்துவிட்டார். கணக்குக் காட்டும் செய்தி நின்றுபோயிற்று. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் அதே பூக்கார அம்மாள் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பெயரும் வீதியும் சொல்லிவிட்டுப் போங்கள். ஞாயிறு காலை ஆறு மணி.